வீடுதான் சரியில்லை

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் குமுதா கட்டடக்கலைத் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டது, கோப்பின் முதுகில் ஒட்டும் தாள் ஐந்து சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பதுதான். நாலரை இருந்தால் கோப்பு செல்லாது. ஐந்தரை இருந்தால் அலமாரிக் கதவு மூடாது. இந்த இரண்டு ஆபத்துகளிலிருந்தும் ஒரு மாணவி எப்படித் தப்பிப்பது என்று மூன்று மணி நேரம் விளக்கம் கொடுத்தார்கள். கையுறைத் தொழிற்சாலையை மூடிய பிறகு, முப்பத்து நாலு வயதில் படிக்க வந்தவள் குமுதா. ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.

ஈப்போவின் ஓரத்தில், ஒரு கடைவரிசையின் இரண்டாவது மூன்றாவது மாடிகளில் இருந்தது அந்தச் சமூகக் கல்லூரி. கீழே டயர் கடை. கழிப்பறைக் கதவைத் திறந்தால் கை கழுவும் தொட்டியில் போய் இடிக்கும். உடம்பை ஒருக்களித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுக்கும் இடம் என்பதால் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

அங்கே எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாரம், அதாவது படிவம், இருந்தது. பாரம் ஏழு என்று பெயர். அதில் நாற்பத்திரண்டு கட்டங்கள். மாணவர்கள் வரைந்து தரும் எந்தக் கட்டடமும் அந்த நாற்பத்திரண்டு கட்டங்களிலும் ‘சரி’ வாங்கினால் தேர்ச்சி. வகுப்பில் பவித்ரன் என்று ஒருவன், காம்பாரில் போன் கடையில் பகுதி நேரம் வேலை செய்கிறவன், பதினோரு மாடி அடுக்குமாடி ஒன்றை வரைந்து கொண்டு வந்தான். அதில் மாடிப்படியே இல்லை. நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு வாங்கிவிட்டான். படியின் அகலம் சரியா என்று பாரத்தில் ஒரு கட்டம் உண்டு. படி இருக்கிறதா என்று கேட்க எந்தக் கட்டமும் கிடையாது. இல்லாத படியின் அகலத்தில் யார் குற்றம் கண்டுபிடிப்பது? குமுதா அன்றைக்குச் சிரித்தாள். சிரித்திருக்க வேண்டாம் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது பருவத்தில் அந்தக் கடிதம் வந்தது.

தாப்பாவுக்குப் போகும் பழைய சாலையில் உள்ளே திரும்பினால் பெரிய பாலத்துத் தோட்டம். ரப்பர் போய், செம்பனை வந்து, செம்பனையும் போய், இப்போது வீடமைப்புக் கம்பெனி ஒன்று நிலத்தை வாங்கியிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, ஒன்பது கதவு. ஒன்பதாவது கதவு குமுதாவின் அம்மா முத்தம்மாவுடையது. கம்பெனியின் நில வரைபடத்தில் அந்த லயத்தின் மேல் ‘உர ஸ்டோர்’ என்று எழுதியிருந்தது. நாற்பது வருஷமாக ஓர் உர ஸ்டோரில் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது முத்தம்மாவுக்கு அதுவரை தெரியாது.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. மேற்படி ஸ்டோரில் மனிதர்கள் வசிப்பதாகக் கருதுகிறவர்கள், வீடுகள் இப்போது உள்ளபடி ஒரு வரைபடம் தயாரித்து, அங்கீகாரம் பெற்ற நிலையம் ஒன்றின் முத்திரையோடு அடுத்த மாதக் கடைசிக்குள் தரலாம். தந்தால் மாற்று வீடு கொடுப்பது பரிசீலிக்கப்படும். தராவிட்டால் ஸ்டோர் இடிக்கப்படும்.

லயமே குமுதாவின் வாசலில் கூடியது. ஆர்கிடெக்ட்டைக் கூப்பிட அங்கே யாருக்கும் வசதி கிடையாது. முதல் கதவுக்காரர் அப்பாவு, பழைய கங்காணி வீட்டுப் பிள்ளை, கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா குமுதா, நீ இதானே படிக்கிற?”

“ஆமா அண்ணே.”

“ஒங்க காலேஜுக்கு சாப் இருக்குல்ல, முத்திர?”

“இருக்கு. பெருசா, உருண்டையா.”

“அப்புறம் என்ன லா? நீ வரை, அவங்க அடிக்கட்டும்.”

அவ்வளவு சுலபமாக ஒரு வழி பிறந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். அன்றைக்கு முத்தம்மா எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தாள். குமுதா தன் பருவத் திட்டத்துக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்தாள்: ‘உள்ளது உள்ளபடி அளவெடுப்பு, பெரிய பாலத்து லயம்’. கல்லூரி தலைப்பை ஏற்றுக்கொண்டது. தலைப்புகளை அங்கே யாரும் படிப்பதில்லை.

மூன்று வாரம் அளந்தாள். டேப்பின் ஒரு முனையை அப்பாவு பிடிக்க, மறுமுனையை அவள் பிடித்தாள். அளக்க அளக்கத்தான் தெரிந்தது, அந்த லயத்தில் ஒரு மூலைகூட நேராக இல்லை. நாலாவது வீட்டுக்குப் பின்னால் பலாமரம் நின்றதால் சமையலறைச் சுவர் அதைச் சுற்றிக்கொண்டு வளைந்து போனது. ஆறாவது வீட்டின் தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அங்கே கோலிக்குண்டை வைத்தால் நேராக வாசலுக்கு ஓடிவிடும். முத்தம்மாவின் சமையலறைக் கதவு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை மூடியபோது தூக்கிப் போட்ட கரும்பலகை. குமுதாவின் அப்பா அதை அறுத்து மாட்டினார். அறுபத்தெட்டு சென்டிமீட்டர். அதன் உள்பக்கம் இன்னும் சாக்பீஸ் பிடிக்கும். முத்தம்மா அதில்தான் கேஸ் தீர்ந்த தேதியை எழுதி வைப்பாள்.

எல்லாவற்றையும் வரைந்தாள் குமுதா. வளைவை வளைவாக, சாய்வைச் சாய்வாக, கரும்பலகையை அறுபத்தெட்டாக. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையால் செய்த ஒன்றைப் பார்த்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை.

விரிவுரையாளர் ஷரபுதீன் படத்தை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். ஈப்போவில் மூன்று தலைமுறையாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார்.

“படம் ரொம்ப நல்லா இருக்கு மா,” என்றார். “வீடுதான் சரியில்ல.”

“சார்?”

அவர் பாரம் ஏழைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்திரண்டில் முப்பத்தொன்று ‘இல்லை’. சமையலறைக் கதவு தொண்ணூறு சென்டிமீட்டர் இல்லை. ஜன்னல் போதாது. அறை சிறியது. சுவர் நேராக இல்லை. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை.

“சார், நான் கட்டல சார் இந்த வீட்ட. அங்க இருக்குறத வரைஞ்சேன்.”

“புரியுது மா. ஆனா ‘அங்க இருக்குறது’ன்னு பாரத்துல கட்டம் இல்லையே.”

“அளவெடுக்குற படத்துக்கு வேற பாரம் இல்லையா சார்?”

“இருந்துச்சு. அது பழைய பாரம். அத ரத்து பண்ண ஒரு பாரம் வந்துச்சு.” ஷரபுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒன்னு செய்யலாமா? அந்தச் சமையக்கட்டுக் கதவ கொஞ்சம் அகலம் பண்ணிட்டு வாயேன்.”

“படத்துலயா சார்?”

“வீட்டுல. படத்துல பண்ணா பொய்யாயிரும்ல?”

குமுதா படத்தைச் சுருட்டி எடுத்தாள். மாதம் முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அலுவலகத்துக்கு ஓடினாள். முத்திரை அலுவலக எழுத்தர் நூருல் அக்காவின் மேசை இழுப்பறையில் இருந்தது. இழுப்பறைச் சாவி அக்காவின் கழுத்துச் சங்கிலியில் இருந்தது.

“அக்கா, மார்க்கே வேணாம். ஃபெயில் போட்டாலும் பரவால்ல. படத்துல சாப் மட்டும் அடிச்சுக் குடுங்க.”

“மொதல்ல மார்க், அப்புறம்தான் சாப்.” நூருல் அவளை இரக்கத்தோடுதான் பார்த்தாள். “மார்க் இல்லாம சாப் அடிச்சா, சாப்புக்கு என்ன மரியாதை சொல்லு?”

“ஒம்பது குடும்பம் அக்கா.”

“தெரியுதுப்பா. எனக்கு மட்டும் மனசு இல்லையா? இந்தா, கறிபாப் சாப்பிடு. மீட்டிங்குக்கு வாங்குனது.”

அந்த மீட்டிங் குமுதாவைப் பற்றித்தான். அவளுடைய திட்டத்தை விசாரிக்க ஏழு பேர் கொண்ட குழு கூடியது. முதல் அங்கம், சென்ற கூட்டத்தில் காப்பி ஆறிப்போயிருந்தது பற்றி. அது நாற்பது நிமிஷம் போனது. இரண்டாவது அங்கம் குமுதா. கதவருகே நின்றபடி அவள் நிலைமையைச் சொன்னாள். ஏழு பேரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

தரப் பிரிவின் தலைவர் எழுந்தார். மலாயில் அவர் பேசியது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: “பாரம் ஏழைத் திருத்தலாம். திருத்த முடியாது என்று நான் சொல்லவே இல்லை. பாரத்தைத் திருத்தப் பாரம் பத்தொன்பதை நிரப்ப வேண்டும். பாரம் பத்தொன்பது இப்போது திருத்தத்தில் இருக்கிறது. நாம் மாணவர்களுக்காகத்தான் இருக்கிறோம். அதனால்தான் மாணவர்கள் வந்து போகிறார்கள், பாரம் நிலைத்து நிற்கிறது.”

இன்னொருவர், இளகிய மனசுக்காரர், வீட்டுக்குக் கருணை அடிப்படையில் ஆறு மாத அவகாசம் கொடுக்கலாம் என்றார். அதற்குள் அது தன்னைத் திருத்திக்கொள்ளாவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குழு அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. குமுதாவின் மோட்டார் வண்டி அன்று தோட்டம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. வழியில் நிறுத்தி நிறுத்தி அழுதாள்.

அப்படியே போயிருந்தாலாவது ஒரு கணக்கு. ஆனால் அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரிக்கு அங்கீகாரக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. வருகிறவர்கள் ‘சமூகத்தோடு என்ன உறவு வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்பார்களாம். சமூகக் கல்லூரி என்று பெயர் வைத்ததில் இப்படி ஒரு வம்பு இருக்கும் என்று இயக்குநர் எதிர்பார்க்கவில்லை. சமூகத்தைத் தேடி அலமாரி முழுவதும் புரட்டினார்கள். அகப்பட்டது ஒன்றே ஒன்று, குமுதாவின் லயம்.

கல்லூரி விழித்துக்கொண்டது. பூச்செடிகள் வாடகைக்கு வந்தன. டயர் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் காற்றடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கழிப்பறையைப் பூட்டி, ‘காட்சிக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். வரைபடத்தை எப்படி உற்று நோக்குவது என்று மாணவர்களுக்கு இரண்டு நாள் ஒத்திகை நடந்தது: தலையை இடப்பக்கம் சாய்த்து, அளவுகோலை வலக்கையில் பிடித்து, மூன்று எண்ணுவதற்குள் புன்னகை. குமுதாவுக்குப் புன்னகை வரவில்லை. அவளைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள்.

தேர்ச்சி பெறாத படத்தைச் சுவரில் மாட்ட முடியாதே. ஒரு மத்தியானம் ஷரபுதீன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இயக்குநரின் உத்தரவுப்படி படத்தைத் ‘தரப்படுத்தினார்’. குமுதா பக்கத்தில் நின்று பார்த்தாள். வளைந்த சுவர் நிமிர்ந்தது. பலாமரம் மறைந்தது. சாய்ந்த தரை மட்டமானது. கரும்பலகை தொண்ணூறு சென்டிமீட்டருக்கு விரிந்தது. பெரிய ஜன்னல்கள் வந்தன, வீட்டுக்கு இரண்டு குளியலறை வந்தது, சாய்தளம் வந்தது. அறைகள் பாரம் சொன்ன அளவுக்கு அகன்றன.

“சார்,” என்றாள் குமுதா. “எட்டு வீடுதான் இருக்கு.”

ஷரபுதீன் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அறைகளை அகலமாக்கியதில் அதே நீளத்துக்குள் எட்டுதான் அடங்கின. இடப்பக்கத்திலிருந்து வரைந்துகொண்டு வந்ததால் வலப்பக்கக் கடைசி வீடு கீழே விழுந்துவிட்டது.

“அது எங்க வீடு சார்.”

அவர் கையைப் பிசைந்தார். முகம் உண்மையிலேயே வாடிப் போனது. “மன்னிச்சுக்க மா. இந்த ஒரு வீட்ட உள்ள கொண்டாந்தா எட்டும் ஃபெயிலாயிரும். பாரம் அப்படி.”

அங்கீகாரக் குழு வந்த நாளில் இயக்குநர் அந்தப் படத்தின் முன் நின்று பேசினார். பேச்சு மலாயில், உருக்கம் எல்லா மொழிக்கும் பொதுவானது.

“நாங்கள் மக்களிடம் போனோம். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தோம். அப்படி வாழக் கூடாது என்று முடிவு செய்தோம். இதோ, தாளில் திருத்திவிட்டோம். அங்கே ஓர் ஆணிகூட அடிக்காமல், எங்கள் ஊழியர் ஒருவர்கூட வெயிலில் நிற்காமல், எட்டுக் குடும்பங்களின் வாழ்க்கைத் தரத்தை ஒரே மத்தியானத்தில் உயர்த்தியிருக்கிறோம். நமக்கு இது புதிதல்ல. சென்ற தடவை நீங்கள் வந்தபோது இந்தக் கட்டடத்தில் தீ விபத்துக்கு அவசரப் படி இல்லை என்று குறை சொன்னீர்கள். ஒரே வாரத்தில் வரைபடத்தில் படி போட்டோம். இன்றுவரை அந்தப் படியில் ஒருவர்கூடத் தவறி விழவில்லை.”

கைதட்டல் பலமாக இருந்தது. படத்துக்கு நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு. நூருல் அக்கா கழுத்துச் சாவியால் இழுப்பறையைத் திறந்து, முத்திரையை எடுத்து, ஊதி, அடித்தாள். தேதி இருபத்தொன்பது. மறுநாள்தான் கடைசி நாள்.

முத்தம்மாவுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. ஆனால் கதவு எண்ணத் தெரியும். விரலை வைத்து இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டே போனாள். விரல் தாளின் ஓரத்தில் நின்றது.

“எட்டுத்தான் இருக்கு?”

குமுதா தாளின் சுருண்ட ஓரத்தை அமுக்கிப் பிடித்தாள்.

“நம்மளுதா?”

“நான் சரியாத்தான் வரைஞ்சேன் ம்மா. சத்தியமா நம்ம வீட்டையும் வரைஞ்சேன்.”

முத்தம்மா கரும்பலகைக் கதவில் சாய்ந்துகொண்டாள். கோபம் வந்தால் கத்துகிற பொம்பிளை அவள். அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் குமுதாவுக்குத் தாங்க முடியவில்லை.

“எட்டு வீடாச்சும் கெடைக்கட்டும்,” என்றாள் கடைசியில். “அப்பாவு ஒரு ரூம் குடுக்க மாட்டானா நமக்கு? கொண்டு போய் குடு. நாளைக்கு விட்டா நேரம் இல்ல.”

கொண்டு போய்க் கொடுத்தாள். துணைக்கு முதல் கதவுக்காரர் அப்பாவு வந்தார். கம்பெனியின் அதிகாரி ஷாஃபி என்ற இளைஞர். இருவரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். முத்திரையைத் தடவிப் பார்த்துத் திருப்தி அடைந்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் புருவம் ஏறியது.

“நல்ல வீடா இருக்கே அக்கா. வீட்டுக்கு ரெண்டு பாத்ரூம். சாய்தளம் வேற. நாங்க குடுக்கப் போற மாத்து வீட்டுல ஒரு பாத்ரூம்தான். இத விட்டுட்டு அங்க வந்தா ஒங்களுக்குத்தானே நஷ்டம்?”

“சார்...”

“ரூல் என்னான்னா, வசதி கொறஞ்ச வீட்டுக்குத்தான் மாத்து வீடு. இது வசதி கூடுன வீடு. எட்டுக் குடும்பத்துக்கும் தகுதி இல்லை. ஒம்பதாவது ஒன்னு இருக்குன்னு நீங்க சொன்னாலும், படத்துல இல்ல. அது ஸ்டோரா இருக்கும்.”

குமுதா எழுந்துவிட்டாள். “அது பொய்ப் படம் சார்! அப்படி ஒரு ஜன்னலும் இல்ல, பாத்ரூமும் இல்ல. வந்து பாருங்க சார், கண்ணால வந்து பாருங்க! நெசமான படம் எங்கிட்ட இருக்கு!”

பையிலிருந்து பழைய படத்தை எடுத்து விரித்தாள். வளைந்த சுவர், பலாமரம், அறுபத்தெட்டு சென்டிமீட்டர், ஒன்பது கதவு. ஷாஃபி அதை நெடுநேரம் பார்த்தார்.

“இதுல சாப் இல்லையே அக்கா,” என்றார்.

அப்பாவு பழைய படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து மோட்டார் வண்டியில் ஏறும்போது, “ஒன் மேல தப்பு இல்லம்மா,” என்று மட்டும் சொன்னார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு வாரத்தில் இயந்திரம் வந்தது. முக்கால் நாள் வேலை. கரும்பலகைக் கதவைக் கழற்றி எடுத்துக்கொள்ள முத்தம்மா கேட்டாள். ஸ்டோர்ப் பொருள்களை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை என்றார்கள். பலாமரமும் போனது. ஒன்பது குடும்பமும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தது. குமுதாவும் அம்மாவும் குனோங் ராபாட்டில், மலையடிவாரத்தில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்குப் புகுந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பாரம் ஏழு பார்த்திருந்தால் அதற்கு உயிர் போயிருக்கும்.

கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாணவியே தன் வாயால் படம் பொய் என்று ஒப்புக்கொண்டதாகக் கம்பெனி தெரிவித்திருப்பதால், மாணவியின் அளவெடுப்பில் தவறு நேர்ந்திருப்பதாகக் கல்லூரி வருந்துகிறது, தேர்ச்சி ரத்து, இரண்டு வாரத்துக்குள் அதே இடத்தை மறுபடி அளந்து, உள்ளது உள்ளபடி வரைந்து தர வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அந்த ஜன்னலில்லாத அறையும் இல்லை.

ஷரபுதீன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் கண்ணைப் பார்க்க அவரால் முடியவில்லை. “இந்தத் தடவ இருக்குறத அப்படியே வரை மா,” என்றார். “நான் கையே வைக்க மாட்டேன்.”

குமுதா தனியாகப் போனாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் ஒரு கல்லை வைத்து அமுக்கினாள். செம்மண் மட்டமாக, வழவழவென்று கிடந்தது. ஒரு மூலைகூடக் கோணலாக இல்லை. நீளம் அளந்தாள், அகலம் அளந்தாள். வீட்டுக்கு வந்து வரைந்தாள். எல்லைக்கோடு, வடதிசைக் குறி, அளவுத்திட்டம். நடுவில் ஒன்றும் இல்லை.

ஷரபுதீன் பாரம் ஏழை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்தார். குறுகலான கதவு எதுவும் இல்லை. சரி. இருட்டான அறை எதுவும் இல்லை. சரி. கோணலான சுவர் எதுவும் இல்லை. சரி. பாதிக்கு மேல் அவர் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டார். நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு. கல்லூரி வரலாற்றில் திருத்தம் எதுவும் இல்லாமல் முதல் தடவையே இவ்வளவு வாங்கிய அளவெடுப்புப் படம் இதுதான் என்று இயக்குநர் பாராட்டுக் கடிதம் வைத்தார்.

நூருல் அக்கா இழுப்பறையைத் திறந்தாள். முத்திரையை எடுத்து ஊதினாள். வெள்ளைத்தாளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

“எங்க அடிக்கட்டும்? இடம் நெறைய இருக்கே.”

குமுதா குனிந்தாள். தாளின் இடப்பக்க ஓரத்தில் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே விரலை வலப்பக்கமாக நகர்த்தினாள். ஒன்பதில் நிறுத்தி, பின்பக்கமாகக் கொஞ்சம் தள்ளினாள்.

“இங்க அடிங்கக்கா,” என்றாள். “எங்கம்மா அடுப்பு இங்கதான் இருந்துச்சு.”